அரங்கிற்குள் அடைபட்ட அன்னா

பேரிலக்கியம் ஒன்று திரைப்படமாகும்போதெல்லாம் நம்மிடையே ஒரே கேள்விதான் எழுகிறது. மூலநூலுக்கு அது உண்மையாய் இருக்கிறதா என்பதே அக்கேள்வி. கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரு கணக்கப்பிள்ளையின் மனோபாவத்துடன் நிகழ்ச்சிகளை எண்ணிப் பார்க்கின்றனர். இன்ன அத்தியாயம் விடுபட்டது, இன்ன பாத்திரம் சுருங்கிற்று என்று பட்டியல் போடுகின்றனர். எட்டுப் பாகங்கள் கொண்ட நாவலை இரண்டு மணி நேரத்தில் அடக்கும் எவனும் இக்கணக்கில் தேறமாட்டான். கேட்கவேண்டிய கேள்வி வேறு. படமெடுத்தவன் எங்கே நின்று அக்கதையைப் பார்க்கிறான்? நம்மை எங்கே உட்கார வைக்கிறான்?

டால்ஸ்டாயின் 'அன்னா கரேனினா' 1875 முதல் 1877 வரை ரஷ்யச் சஞ்சிகையொன்றில் தொடராக வெளிவந்தது. அது பலமுறை படமாகியிருக்கிறது. 1935இல் கிரேட்டா கார்போ அன்னாவாக நடித்தார். 1948இல் விவியன் லீ. 1967இல் சோவியத் நாட்டில் சார்ஹி இயக்கிய படத்தில் தத்தியானா சமோய்லோவா. இவற்றின் தரம் ஒன்றல்ல. ஆயினும் நோக்கம் ஒன்றே. பனி, மாளிகை, புகையிரத நிலையம், சமோவார் எல்லாம் மெய்யான ரஷ்யாவென்று நம்மை நம்பவைக்க அவை முயன்றன. 2012இல் ஜோ ரைட் என்னும் ஆங்கிலேய இயக்குநர் இந்த முயற்சியையே கைவிட்டார். டொம் ஸ்டொப்பார்ட் எழுதிய திரைக்கதையை வைத்துக்கொண்டு, இலண்டனுக்கு அண்மையிலுள்ள ஷெப்பர்ட்டன் ஸ்டூடியோவில் பாழடைந்த நாடக அரங்கு ஒன்றைக் கட்டினார். கதையின் பெரும்பகுதியை அதற்குள்ளேயே நடத்தினார்.

அரசாங்க அலுவலகமும் அரங்குக்குள், நடன மண்டபமும் அரங்குக்குள். எழுத்தர்கள் பத்திரங்களுக்கு முத்திரை குத்துவது தாளம் தப்பாத நாட்டியமாக நடக்கிறது. மேசைகள் அகன்றதும் அவ்விடமே உணவுச்சாலையாகிவிடுகிறது. கிழித்தெறியப்பட்ட கடிதத்தின் துண்டுகள் மேலே பறந்து பனியாய்க் கீழே உதிர்கின்றன. புகையிரதம் சில வேளைகளில் குழந்தையின் விளையாட்டுப் பொருளாகத் தோன்றுகிறது. குதிரைப் பந்தயங்கூட மேடைமீதே ஓடுகிறது. விரோன்ஸ்கியின் குதிரை மேடையிலிருந்து பார்வையாளர் பக்கம் குப்புற விழுகிறது. பந்தயத்துக்கு முன் அன்னா வீசும் விசிறியின் படபடப்பே குதிரைக் குளம்பொலியாக மாறுவதை ஒருமுறை கேட்டவர் எளிதில் மறக்கமாட்டார்.

இப்படத்தை நண்பர்கள் சிலருடன் கூடியிருந்து பார்த்தோம். முடிந்ததும் வாக்குவாதம் மூண்டது. நம்மில் மூத்தவரான ஒருவர், யதார்த்த இலக்கியத்தின் சிகரத்தைக் கொண்டுவந்து அட்டைக் கோட்டைக்குள் அடைத்துவிட்டார்கள், இது அப்பட்டமான உருவவாதம் என்று சினந்தார். இளைஞர் ஒருவரோ, அழகாயிருக்கிறதே, அழகுக்குக் காரணம் கேட்பானேன் என்றார். இருவரிடமும் நமக்கு உடன்பாடில்லை. எனினும் மூத்தவரின் சினத்தைத்தான் நாம் மதிக்கிறோம். அவராவது டால்ஸ்டாய்க்காகச் சினந்தார்.

உருவவாதம் என்ற சொல்லை முற்போக்கு அணியினராகிய நாம் சற்று மலிவாகவே வழங்கி வந்திருக்கிறோம். கொசின்ட்ஸெவின் வாழ்க்கையைப் பார்த்தால் இது விளங்கும். 1926இல் அவரும் திரவுபெர்க்கும் சேர்ந்து கோகலின் 'மேலங்கி'யைப் படமாக்கியபோது, மிகைப்படுத்திய நடிப்பும் கோணல் நிழல்களுமாய் அது அரங்கக் கூத்தாகவே இருந்தது. அதே கொசின்ட்ஸெவ்தான் 1964இல் 'ஹாம்லெட்'டையும் 1971இல் 'லியர் மன்ன'னையும் கல்லும் சேறும் காற்றுமாக எடுத்தவர். அவருடைய 'லியர்' அரசவையில் தொடங்கவில்லை. கந்தலுடுத்த ஏழைக் கூட்டமொன்று கோட்டையை நோக்கி நடந்துவருவதில் தொடங்குகிறது. இரு வேறு உத்திகளிலும் அந்தக் கலைஞனின் பார்வை கீழே கிடப்பவன் மேல்தான் பதிந்திருந்தது.

உத்தி மறுபக்கம் சாய்வதும் உண்டு. யுத்தம் நடந்துகொண்டிருந்த 1944இல் லோறன்ஸ் ஒலிவியர் சேக்ஸ்பியரின் 'ஐந்தாம் ஹென்றி'யைப் படமாக்கினார். 1600ஆம் ஆண்டின் குளோப் அரங்கில் படம் தொடங்குகிறது. பெண்வேடம் போடும் சிறுவர்கள், திடீரென்று கொட்டும் மழை, மேடையேறுமுன் தொண்டையைச் செருமிக்கொள்ளும் நடிகன் என்று எல்லாவற்றையும் காட்டுகிறார். பின்னர் அரங்கு மெல்ல மெல்ல மறைகிறது. தீட்டிய திரைகளும் மறைகின்றன. அயர்லாந்தின் வெட்டவெளியில் போர் மூள்கிறது. இது நாடகந்தான் என்று முதலில் ஒப்புக்கொண்டு நம் நம்பிக்கையைப் பெற்றுக்கொண்டவர், அதே நம்பிக்கையை முதலாக வைத்து நம்மைப் போர்க்களத்துக்கு அழைத்துச் செல்கிறார். இடையில் சேக்ஸ்பியர் எழுதியவற்றுட் சில காணாமற் போகின்றன. நகரத்து மக்களை ஹென்றி கொடூரமாய் அச்சுறுத்தும் பேச்சு இல்லை. கைதிகளைக் கொல்லுமாறு இடும் கட்டளையும் இல்லை. அப்படம் பிரித்தானியப் படைவீரருக்குச் சமர்ப்பிக்கப்பட்டது. நாசிகளுக்கு எதிரான போர் நியாயமானதே. அதை நாம் மறுக்கவில்லை. அரங்கை அரங்கென்று காட்டுவதனால் மட்டும் ஒரு படம் பார்ப்போனைச் சிந்திக்க வைத்துவிடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறோம். பிரெக்டின் பெயரை உச்சரித்தபடி இன்று வரும் பல படங்களுக்கும் இது பொருந்தும்.

டால்ஸ்டாய்க்கு வருவோம். அவரை அரங்குக்குள் வைத்தது அவருக்குச் செய்த துரோகமா? நாடக அரங்கை அவரைப்போல் இரக்கமின்றிப் பார்த்த நாவலாசிரியர் வேறெவரும் இருப்பதாக நமக்குத் தெரியவில்லை. 'போரும் அமைதியும்' நாவலில் நத்தாஷா இசைநாடகத்துக்குப் போகும் பகுதியை வாசகர் பலர் அறிவர். அங்கே அவளுக்குத் தெரிபவை தீட்டிய அட்டைகளும், வாயைத் திறந்து கையை விரிக்கும் பருத்த மனிதர்களுந்தாம். பழகிய ஒன்றைப் பழகாத கண்ணால் காட்டும் இந்த முறைக்கு உதாரணமாகவே ஷ்க்லோவ்ஸ்கி 1917இல் டால்ஸ்டாயை எடுத்துக்கொண்டார்.

இதைவிட முக்கியமான இடம் ஒன்றுண்டு. கலை என்றால் என்ன என்று ஆராய்ந்து 1890களின் இறுதியில் எழுதிய நூலின் தொடக்கத்திலேயே, இசைநாடக ஒத்திகையொன்றைக் காணப் போனதை அவர் விவரிக்கிறார். முன்வாயிலால் அவர் போகவில்லை. இருண்ட வழிகளையும் பெரும் பொறிகளையும் கடந்து பின்புறமாக நுழைகிறார். அங்கே வெளிறிய முகமும் அழுக்கேறிய கைகளுமாய்க் களைத்துப்போன தொழிலாளர்கள் ஒருவரையொருவர் கடிந்தபடி செல்வதைக் காண்கிறார். மேடையிலோ, இந்திய அரசன் ஒருவன் பாடகன் வேடம் பூணும் கதை நடக்கிறது. நெறியாளர் பாடுவோரையும் வாத்தியக்காரரையும் வாய்க்கு வந்தபடி ஏசுகிறார். இது யாருக்காக, எவருடைய உழைப்பில் என்று டால்ஸ்டாய் கேட்கிறார்.

இப்பகுதி நம்மைத் தைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. சிறுவயதில் வடமராட்சிக் கிராமமொன்றில் நாம் நாடகக் கொட்டகையில் திரைக்கயிறு இழுத்திருக்கிறோம். தர்பார் சீன் சுருண்டு மேலே போகக் காட்டுச் சீன் இறங்கவேண்டும். ஒரு கணம் பிந்தினாலும் அரிச்சந்திரன் அரண்மனைக்குள்ளேயே மயானம் காக்க நேரும். முன்னாலிருந்து பார்ப்போருக்குத் தெரியாத பலவும் பக்கத்தில் நின்ற நமக்குத் தெரிந்தன. மன்னனின் பட்டு முன்புறம் மட்டுமே பட்டு, முதுகுப்புறம் ஒட்டுத்துணி. சந்திரமதி அழுதுகொண்டே உள்ளே வந்து பீடி கேட்பார். அரிச்சந்திரனாய் நின்றவர் விடிந்ததும் சுருட்டுக் கொட்டிலுக்குப் போவார். அன்று சுற்றிய சுருட்டுக்குத்தான் அன்று கூலி, இரவு முழுவதும் அரசாண்டதற்குச் சலுகை கிடையாது. இதனால் நாடகத்தின் மேல் நமக்கு வெறுப்பு வரவில்லை. திரை தானாக எழுவதில்லை என்ற நினைவு மட்டும் ஆயுள் முழுவதும் நிலைத்துவிட்டது. ஜோ ரைட்டின் படத்தையும் அந்த நினைவோடுதான் பார்த்தோம்.

படத்தின் பாதி வெற்றியை இந்த நினைவுகொண்டே நம்மால் அளக்க முடிந்தது. பீட்டர் சக்கரவர்த்தி காலந்தொட்டு ரஷ்யப் பிரபுக்கள் மேற்கு ஐரோப்பிய உடையையும் நடையையும், பின்னர் பிரெஞ்சு மொழியையும் வேடம்போலப் பூண்டு வாழ்ந்தனர்; தம் வீட்டிலேயே அவர்கள் நடிகர்களாய் இருந்தனர். வரலாற்றாசிரியர் ஒர்லான்டோ ஃபைஜஸ் 2002இல் வெளியிட்ட நூலில் இதனை விரித்துரைக்கிறார். இயக்குநருக்கு அரங்கென்னும் எண்ணத்தைத் தந்ததும் அந்நூலே. ஆகவே அரங்கு இங்கே வெறும் அலங்காரமன்று. ஒரு வர்க்கத்தின் வாழ்முறை பற்றிய கூற்று. நடன மண்டபத்தில் அன்னாவும் விரோன்ஸ்கியும் ஆடும்போது மற்றையோர் சிலைகளாய் உறைகின்றனர். இவ்விருவரும் அருகே கடந்து செல்கையில்தான் அவர்களுக்கு உயிர் வருகிறது. பந்தயத்தில் விரோன்ஸ்கி விழும்போது அன்னா கதறுகிறாள். அரங்கு முழுவதும் திரும்பி அவளைப் பார்க்கிறது. பின்னர் இசைநாடகத்துக்கு அவள் துணிந்து வரும்போது, மேடையை விட்டுவிட்டு எல்லாரும் அவளையே பார்க்கின்றனர்.

யதார்த்தமாக எடுக்கப்பட்ட முந்தைய படங்களில் அன்னாவின் துயரம் பெரும்பாலும் காதலின் துயரமாகவே நின்றது. இங்கே ஊர்ப் பார்வை ஒரு பொறியாக இயங்குவது தெரிகிறது. ஜார் ஆட்சியில் மணவிலக்கு திருச்சபையின் கையில் இருந்தது. பிறன்மனை உறவுக்குக் குற்றவாளியென்று தீர்க்கப்பட்டவர் மறுமணம் செய்ய இயலாது. கணவன் மறுத்துவிட்டால் குழந்தையும் இல்லை. விரோன்ஸ்கி அதே இசைநாடகத்துக்குத் தலைநிமிர்ந்து போய்வரலாம். அன்னா போக முடியாது. இந்த அநீதியை வாதமின்றி உணர்த்த அரங்கைவிடப் பொருத்தமான உருவகம் இல்லையென்றே எண்ணுகிறோம். (அப்படத்துக்குக் கிடைத்த ஒரே ஒஸ்கார் பரிசு ஆடையலங்காரத்துக்கானது. பரிசளித்தவர்களும் மண்டபத்தில் இருந்தவர்கள்போலவே பார்த்திருக்கிறார்கள்.)

மறுபாதி லெவினுடையது. லெவின் தன் பண்ணைக்குத் திரும்பும்போது அரங்கின் பின்கதவு திறக்கிறது. அப்பால் மெய்யான பனிவெளி, மெய்யான வானம். அழகிய காட்சிதான். ஆனால் இங்கேதான் நமக்கு ஐயம் தொடங்குகிறது. நகரம் பொய்மேடை, நாட்டுப்புறம் மெய்வாழ்வு என்னும் இந்தப் பாகுபாடு டால்ஸ்டாயிடம் ஓரளவு உண்டு. படத்தில் இருக்குமளவு எளிதாக இல்லை. நாவலில் லெவின் குடியானவரோடு சேர்ந்து புல் அரிகிறான், கிழவர் ஒருவரோடு பகிர்ந்து உண்கிறான், மகிழ்ச்சியடைகிறான்; அத்தோடு கதை நிற்பதில்லை. வருவாயில் குடியானவருக்குப் பங்கு தரும் திட்டமொன்றை அவன் முன்வைக்கும்போது, நிலப்பிரபு ஏதோ சூழ்ச்சியோடுதான் வருகிறான் என்று அவர்கள் சந்தேகிக்கின்றனர். அந்தச் சந்தேகத்துக்கு நியாயமும் இருந்தது. 1861இல் பண்ணையடிமை முறை ஒழிந்தபோது அவர்களுக்குக் கிடைத்த நிலத்துக்குப் பல்லாண்டு தவணைப் பணம் கட்டவேண்டியிருந்தது. நல்ல நிலங்கள் பல பிரபுக்களிடமே நின்றன. இந்தப் பிணக்கைப் படம் ஏறக்குறைய விட்டுவிடுகிறது. அரிவாள் வீச்சும் கதிரொளியும் எஞ்சுகின்றன. அரங்கை விட்டு வெளியேறியதாக நாம் நம்பும் இடத்தில், நம் முன் இறங்கியிருப்பது இன்னொரு சீன்.

அன்று மொஸ்கோவுக்கு அண்மையில் இருந்த ஒஸ்தான்கினோவில் ஷெரமெத்தியெவ் கோமகன் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய அரங்கு ஒன்றுண்டு. பொறிகளின் உதவியால் அந்த அரங்கை நடன மண்டபமாக மாற்ற முடிந்தது. ஜோ ரைட் படத்தில் செய்வதை அங்கே மெய்யாகவே செய்தார்கள். மேடையில் பாடியவர்கள் அவருடைய பண்ணையடிமைகள். பிரஸ்கோவியா என்னும் பெரும் பாடகி அவர்களுள் ஒருத்தி. அவளைக் கோமகன் விடுதலை செய்து 1801இல் மணந்தார், ஈராண்டுகளுள் அவள் இறந்துபோனாள். அவளையாவது வரலாறு நினைவில் வைத்திருக்கிறது. ரஷ்யப் பிரபுக்களின் வாழ்வு நாடகமென்றால், அந்த நாடகத்துக்குச் சொந்தக்காரர் இருந்தனர், உடைமைகளாய் இருந்த நடிகரும் இருந்தனர். இந்த உண்மைக்கு மிக அருகே படம் ஒருமுறை வருகிறது. லெவின் நோயுற்ற தன் அண்ணன் நிக்கொலாயைத் தேடி மேடைக்கு மேலேயுள்ள மரப்பாலங்களில் ஏறுகிறான். திரைக்கயிறுகள் இருக்கவேண்டிய அந்த உயரத்தில் மொஸ்கோவின் ஏழைகள் வாழ்கிறார்கள். அற்புதமான கற்பனை. சில நிமிடங்களில் கீழே இறங்கிவிடுகிறோம், மறுபடி நடனம்.

அன்னாவும் விரோன்ஸ்கியும் முதன்முதல் சந்திக்கும் புகையிரத நிலையத்தில் காவலாளி ஒருவன் வண்டியில் அகப்பட்டுச் சாகிறான். பெரிய குடும்பமொன்று அவனை நம்பியிருந்ததாக நாவலில் பேசிக்கொள்கிறார்கள். விரோன்ஸ்கி விதவைக்கு 200 ரூபிள் கொடுக்கிறான். அன்னாவின் கண்ணில் படவேண்டுமென்பதும் அதில் கலந்திருந்தது. அன்னா அதை அபசகுனமென்கிறாள். பிறகு அக்குடும்பம் என்னவாயிற்று என்று நாவலில் எவரும் கேட்பதில்லை. படம் இந்தச் சாவை மழுப்பவில்லை. விளையாட்டுப் பொருள்போல் வந்த புகையிரதத்தின் அடியில் மெய்யான இரத்தம் கிடக்கிறது.

இறுதிக் காட்சியில் கரேனின் மலர்கள் நிறைந்த புல்வெளியில் அமர்ந்திருக்கிறான், குழந்தைகள் விளையாடுகின்றனர். கமரா பின்வாங்கும்போது, அந்தப் புல்வெளி பாழடைந்த அரங்குக்குள்ளேயே பரந்து கிடப்பதைக் காண்கிறோம். அதுவரை சினந்துகொண்டிருந்த மூத்த நண்பர் அப்போது மட்டும் வாய்விட்டுச் சிரித்தார். இவ்வளவு புல்லையும் அரிவதற்கு லெவினின் ஆட்களைத்தான் கூப்பிடவேண்டும், கூலி யார் கொடுப்பது என்றார்.