செதுக்கியவர் பெயர் எங்கே?

ஜப்பானிய மரக்கட்டை அச்சுப்படம் என்றதும் ஹொகுசாய், ஹிரோஷிகே, குனிசாதா என்று ஓவியர் பெயரோடு நிறுத்திக்கொள்வது வழக்கமாகிவிட்டது. டோக்கியோவில் இன்றும் இயங்கும் பட்டறைகளில் வேலை நடக்கும் விதத்தைப் பார்த்தபின் இந்த வழக்கம் நியாயமாகப் படவில்லை. அரசவை இலக்கியத்திலிருந்து பிறந்த படங்களைப் பொறுத்தவரை அநியாயம் என்றே சொல்வேன். பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முரசாகி ஷிகிபு எழுதிய ‘கென்ஜியின் கதை’ 54 அத்தியாயங்கள் கொண்டது. அதில் முக்கியமானவை பலவும் அரைமறைவில்தான் நடக்கின்றன. பெண்கள் திரைக்குப் பின்னால் இருப்பார்கள். வெளியே தெரியும் ஆடை விளிம்பின் நிறம், நறும்புகையின் மணம், கடிதத்தின் கையெழுத்து இவற்றைக் கொண்டே ஆளை எடைபோட வேண்டும். காட்டியும் காட்டாமலும் விடும் அந்த நயம் காகிதத்தில் வந்து இறங்குவதில் பெரும்பங்கு, செதுக்குபவருக்கும் அச்சடிப்பவருக்கும் உரியது.

ஓவியர் முதலில் தருவது மெல்லிய தாளில் கறுப்புக் கோட்டுச் சித்திரம் மட்டுமே. அதை மலைச் செர்ரி மரப் பலகையில் குப்புற ஒட்டி, கோடுகளை நிறுத்திவிட்டு மற்ற இடத்தையெல்லாம் செதுக்கி எடுக்கிறார்கள். வேலை முடியும்போது மூலச் சித்திரம் மரச்சீவல்களோடு போய்விடும். கூந்தலுக்கு ஓவியர் வெளிக்கோடு மட்டும்தான் போட்டுத் தருவார். நெற்றியோரத்தில் ஒரு மில்லிமீட்டருக்குள் பல இழைகளாகப் பிரியும் முடியைச் செதுக்குபவர் தன் கைப்பழக்கத்தில் வெட்டுகிறார். அதனால்தான் முகமும் கூந்தலும் மூத்தவர் கைக்குப் போகும், உடையும் பின்னணியும் இளையவர்களுக்கு. உளி சறுக்கினால் அந்த இடத்தைத் தோண்டிப் புதுத் துண்டு பதிக்க வேண்டும். அச்சடிப்பவர் வேலை இதைவிட விசித்திரமானது. நிறத்துக்கு ஒரு கட்டை என்று வரிசையாக வரும். கட்டையின் ஓரத்தில் வெட்டிய இரண்டு அடையாளங்களில் ஈரத்தாளைப் பொருத்தி, மூங்கில் மடல் சுற்றிய வட்டமான ‘பாரென்’ கொண்டு முதுகுப் பக்கம் தேய்க்கிறார். வெள்ளை உடையின் நெசவுக்கு மையே கிடையாது, வெறும் அழுத்தத்தில் தாள் புடைத்து நிற்கும். கறுப்பு உடையில் தாளின் முகப்பையே மெருகேற்றி ஒரு பூவேலையை ஒளித்து வைப்பார்கள். நேராகப் பார்த்தால் தெரியாது, சாய்த்தால் மின்னும். முரசாகியின் அரைமறைவுக்கு இதைவிடப் பொருத்தமான உரை எனக்குத் தெரியவில்லை. எந்த ஓவியரின் கோட்டிலும் அது இல்லை.

இவர்கள் சொன்னதைச் செய்தவர்கள்தானே என்று கேட்கலாம். பதிப்பாளர் கூலி கொடுத்தார், நிறங்களை ஓவியர் குறித்துக் கொடுத்தார் என்பதெல்லாம் உண்மை. ஆனால் மெட்டு வேறொருவருடையது என்பதற்காகப் பாடியவர் பெயரை நாம் விட்டுவிடுவதில்லை. இன்னொரு மறுப்பு கொஞ்சம் கனமானது. குனிசாதாவின் கென்ஜிப் படங்களில் இருப்பது அரசவையே அல்ல. ரியூதெய் தனேஹிகோ 1829 முதல் 1842 வரை வெளியிட்ட ‘நிசே முரசாகி இனாகா கென்ஜி’ என்ற கேலித் தழுவல்தான் அவற்றின் ஊற்று, நாயகனின் கொண்டைகூட எடோ (இன்றைய டோக்கியோ) நகரத்து நாகரிகம், ஆக இது மலிவுச் சரக்கு என்பார்கள். மலிவுதான். ஆனால் ஆடம்பரத்தை ஒடுக்க வந்த தெம்போ சீர்திருத்தத்தின்போது ஷோகுன் அரசு அந்த நூலை நிறுத்தியதோடு விடவில்லை. ஒரு படத்துக்கு ஏழெட்டுக் கட்டைகளுக்கு மேல் கூடாது, விலை 16 மோன் காசைத் தாண்டக் கூடாது என்றும் விதித்தது. ஆடம்பரம் எங்கே இருக்கிறது என்று அதிகாரிகளுக்குத் தெரிந்திருந்தது: கட்டைகளின் எண்ணிக்கையில், அதாவது இந்தக் கைகளின் உழைப்பில். (கலை விமர்சகர்களைவிடத் தணிக்கைக்காரர்கள் கூர்மையாகப் பார்ப்பது எந்த நாட்டிலும் நடப்பதுதான்.) பிடி தளர்ந்த 1850களில் கென்ஜிப் படங்கள் முன்னைவிடப் பகட்டாக வந்தன. அந்தக் காலத்துக் குனிசாதா படங்கள் சிலவற்றில் செதுக்கிய யொகொகாவா தகேயின் பெயரும் பொறித்திருக்கிறது. பதிப்பாளரே அவர் பெயர் விற்கும் என்று நம்பியிருக்கிறார்.

இன்றைய பட்டறைகள் செய்வது வெறும் நகல் என்பது மூன்றாவது குறை. புதிதாகச் செதுக்கியதைப் பழையதென்று விற்றால் அது மோசடி, அதில் பேச்சுக்கு இடமில்லை. ஆனால் மூலச் சித்திரமே செதுக்கும்போது அழியும் ஒரு கலையில், முதல் படமும் கட்டையிலிருந்து எடுத்த படிதான். 1928இல் தொடங்கிய அடாச்சி போன்ற பட்டறைகள் எச்சிசென் ஹோஷோ தாளில் புதிதாகச் செதுக்கி அடிக்கும்போது, கூந்தலை எப்படிப் பிரிப்பது, நிறத்தை எங்கே கரையவிடுவது என்ற பழைய கேள்விகளுக்கு மறுபடி விடை காண வேண்டியிருக்கிறது. அந்த விடைகள்தான் கைமாறி வருகின்றன.

எடோ மரக்கட்டை அச்சுக் கலையை ஜப்பான் அரசு 2007இல் மரபுக் கைத்தொழிலாக அறிவித்தது. அருங்காட்சியகங்களின் பெயர்ச்சீட்டுகளும் அதை ஒப்புக்கொள்ள வேண்டும். பெயர் தெரிந்த இடத்தில் செதுக்கியவரையும் அச்சடித்தவரையும் போடட்டும். தெரியாத இடத்தில் ‘செதுக்கியவர் பெயர் தெரியவில்லை’ என்று ஒரு வரியாவது இருக்கட்டும்.