ஹிரோஷிமாவில் ஒரு மத்தியானச் சாப்பாடு

யப்பானில் வீதியோரச் சாப்பாடு என்றதும் பலரும் ஒசாக்கா நகரத்தைத்தான் சொல்வார்கள். பேய்க்கணவாய்த் துண்டை மாவுக்குள் வைத்துப் பணியாரம் போலச் சுடுகின்ற தக்கோயாக்கி அந்த ஊரின் பலகாரம். இன்னொரு நகரமும் அப்படி ஒரு சாப்பாட்டால் பெயர் பெற்றிருக்கிறது. அது ஹிரோஷிமா. அங்கே சாப்பிடுவது ஒக்கொனோமியாக்கி. 'ஒக்கொனோமி' என்றால் விருப்பப்படி, 'யாக்கி' என்றால் சுட்டது. கோதுமை மா, கோவா, முட்டை சேர்த்து இரும்புத் தகட்டில் சுடுகின்ற இந்தச் சாப்பாட்டை அந்த நகரத்தின் அடையாளமாக்கியவர்களில் யுத்தத்தில் கணவனை இழந்த பெண்கள் பலர். அதனால்தான் அந்த ஒரு நாள் பயணத்தை இங்கே எழுதுகிறேன்.

என் தங்கையின் குடும்பம் யப்பானில் ஒக்கயாமா நகரில் வசிக்கிறது. மார்கழி விடுமுறையில் அம்மாவும் நானும் அங்கே போயிருந்தோம். ஒக்கயாமாவிலிருந்து ஹிரோஷிமா ஏறத்தாழ 160 கிலோமீற்றர். ஷின்கான்சென் என்ற அதிவேகப் புகையிரதத்தில் போனால் 40 நிமிடம் போதும். ஆனால் கட்டணம் சாதாரண புகையிரதத்தைப் போல இரண்டு மடங்கு. நாங்கள் ஆறு பேர். எனவே மூன்று மணித்தியாலம் எடுக்கும் சாதாரண புகையிரதத்தில் காலை ஏழு மணிக்கு ஏறினோம். தங்கையின் மூத்தவனுக்கு ஒன்பது வயது. அவனுக்கு அரை டிக்கற். சின்னவளுக்கு ஐந்து வயது. பள்ளிக்கூடம் போகத் தொடங்காத பிள்ளைகள் பெரியவர்களோடு இலவசமாகப் போகலாம்.

வழியில் ஒரு தடவை வண்டி மாற வேண்டும். ஒனோமிச்சி என்ற ஊரில் ஒரு பக்கம் கோயில்கள் நிறைந்த மலை, மறு பக்கம் கடல், இரண்டுக்கும் இடையே தண்டவாளம் போகிறது. கடலில் சின்னச் சின்னத் தீவுகள். அதற்கு அப்பால் ஹிரோஷிமாவை நெருங்கும்போது ஒரு பெரிய இறக்கம் வரும். எதிர்ப்பக்கம் அதே பாதையில் ஏறுகின்ற சரக்கு வண்டிகளைப் பின்னால் இன்னொரு எஞ்சின் தள்ளிக்கொண்டு போகும். பிள்ளைகள் அதைப் பார்ப்பதற்காகவே ஜன்னலை விட்டு நகரவில்லை. தங்கை கட்டிக்கொண்டு வந்த சோற்று உருண்டைகள் நடுவழியிலேயே முடிந்துவிட்டன.

டிராம் வண்டியும் பள்ளிப் பிள்ளைகளும்

ஹிரோஷிமாவுக்குள் டிராம் வண்டியில்தான் போனோம். 2025 ஆகஸ்டிலிருந்து டிராம் வண்டிகள் புகையிரத நிலையக் கட்டடத்தின் இரண்டாம் மாடிக்கே வந்து நிற்கின்றன. வயதான அம்மாவை வைத்துக்கொண்டு வீதி கடக்க வேண்டியிருக்கவில்லை.

இந்த டிராம் வண்டிக்கும் ஒரு கதை உண்டு. யுத்தத்துக்கு ஆண்களை எடுத்துக்கொண்டதால் வண்டி ஓட்ட ஆளில்லாமல் போனது. 1943 இல் டிராம் கம்பனி ஒரு பெண்கள் பாடசாலையைத் தொடங்கியது. 14 முதல் 17 வயதுப் பிள்ளைகள் பாதி நாள் படித்து, பாதி நாள் டிக்கற் கொடுக்கவும் வண்டி ஓட்டவும் போனார்கள். 1945 ஆகஸ்ட் 6 ஆம் திகதி காலை 8.15 க்கு அணுகுண்டு விழுந்தது. அந்தப் பாடசாலைப் பிள்ளைகளில் 30 பேரளவில் இறந்தார்கள். மூன்றாம் நாள், ஆகஸ்ட் 9 ஆம் திகதி, நகரின் மேற்குப் பக்கத்தில் ஒரு சிறு துண்டுப் பாதையில் டிராம் மறுபடி ஓடியது. அதில் வேலை செய்தவர்களில் உயிர் தப்பிய அந்தப் பிள்ளைகளும் இருந்தார்கள். யுத்தம் முடிந்ததும் பாடசாலையை மூடி, பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

குண்டு வீசப்பட்ட அந்த ஆண்டின் முடிவுக்குள் இறந்தோர் தொகை ஏறத்தாழ 140,000 என்று மதிப்பிடுகிறார்கள். குண்டு வெடித்த இடத்துக்கு அருகே கூரையில்லாமல் நிற்கும் கட்டடத்தை அப்படியே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். 1996 இல் அது உலக மரபுரிமைச் சின்னமானது. அதன் முன்னால் நாங்கள் சிறிது நேரம் நின்றோம். மூத்தவன் கேட்ட கேள்விகளுக்குத் தங்கையின் கணவர் மெதுவான குரலில் பதில் சொன்னார். சின்னவள் ஆற்றங்கரையில் புறா பார்த்தாள். பிறகு மூடிய கடைத்தெரு ஒன்றின் வழியே கால் மணித்தியாலம் நடந்து சாப்பாட்டுக் கடைகள் இருக்கும் பக்கம் போனோம்.

ஒரு சதத்துப் பலகாரம்

யுத்தத்துக்கு முன்னர் யப்பானில் 'இஸ்ஸென் யோஷொக்கு' என்று ஒரு பலகாரம் இருந்தது. ஒரு 'சென்' காசுக்கு விற்ற மேல்நாட்டுப் பலகாரம் என்று அதற்குப் பொருள். மாவை மெல்லிய தோசையாக வார்த்து, மேலே கொஞ்சம் வெங்காயத்தாளும் மீன்தூளும் தூவி மடித்துக் கொடுப்பார்கள். மிட்டாய்க் கடைகளில் பிள்ளைகள் வாங்கித் தின்பது. பெரியவர்கள் அதைச் சாப்பாடாக நினைப்பதில்லை.

குண்டுக்குப் பிறகு அரிசி இல்லை. அமெரிக்காவிலிருந்து உதவியாகக் கோதுமை மா வந்தது. குண்டு போட்ட நாட்டின் மா என்பதற்காக அதை வேண்டாம் என்று சொல்லக்கூடிய நிலையில் யாரும் இருக்கவில்லை. ஒரு இரும்புத் தகடு, கொஞ்சம் மா, கொஞ்சம் கோவா. பெண்கள் வீட்டின் முன்பக்கத்தில், அல்லது தெருவில் தள்ளுவண்டியில், இவற்றை வைத்து வியாபாரம் தொடங்கினார்கள். பிள்ளைகளின் பலகாரத்துக்குள் நிறையக் கோவா வந்தது, பிறகு முட்டை வந்தது, நூடில்ஸ் வந்தது. ஒரு வேளைப் பசி ஆற்றும் சாப்பாடாக அது வளர்ந்தது.

ஹிரோஷிமாவின் பழைய கடைகள் பலவற்றின் பெயர் 'சான்' என்று முடியும். பிள்ளைகளையும் நெருக்கமான பெண்களையும் செல்லமாகக் கூப்பிடும் சொல் அது. கடைக்காரியின் அல்லது அவர் பிள்ளையின் செல்லப் பெயரையே கடைக்கு வைத்தார்கள். காணாமல் போன கணவனோ மகனோ என்றாவது திரும்பி வந்தால், பெயரைப் பார்த்துக் கண்டுபிடிக்கட்டும் என்று சிலர் அப்படி வைத்ததாக அந்த ஊரில் சொல்கிறார்கள்.

தெருவில் நின்ற தள்ளுவண்டிக் கடைகளில் ஒரு பகுதி பின்னர் ஒரே கட்டடத்துக்குள் போனது. 'ஒக்கொனோமிமூரா' என்ற அந்தக் கட்டடத்தில் இன்று மூன்று மாடிகளில் இருபதுக்கும் மேற்பட்ட கடைகள். நாங்கள் போன நேரம் வாசலில் நீண்ட வரிசை. எனவே பக்கத்து ஒழுங்கையில் எட்டுப் பேர் மட்டும் இருக்கக்கூடிய ஒரு சிறிய கடைக்குள் நுழைந்தோம்.

தகட்டின் முன்னால்

மேசையே தகடுதான். அதன் ஒரு பக்கம் சமைப்பவர், மறு பக்கம் நாங்கள். கொத்து ரொட்டிக் கடையில் கேட்கும் அதே தகரச் சத்தம். சமைத்தவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். மாவைத் தோசை போல மெல்லிதாக வார்த்தார். மீன்தூள் தூவினார். அதன்மேல் மெல்லிதாக அரிந்த கோவாவை ஒரு சாண் உயரத்துக்குக் குவித்தார். முளைவிட்ட பயறும் வைத்தார். வழக்கமாக இதன்மேல் பன்றி இறைச்சி வைப்பார்கள். எங்களுக்கு அது வேண்டாம் என்று தங்கை முதலிலேயே சொல்லியிருந்ததால் இறாலும் கணவாயும் வைத்தார். பிறகு இரண்டு தட்டகப்பைகளால் முழுவதையும் ஒரே தூக்கில் புரட்டினார். இப்போது தோசை மேலே மூடி போல இருக்க, கோவா அடியில் தன் ஆவியிலேயே அவிந்து இறங்கியது. பக்கத்தில் நூடில்ஸைப் பிரட்டி, அதன்மேல் இதை ஏற்றி, முட்டையை உடைத்துப் பரப்பி அதன்மேலும் வைத்தார். கடைசியில் ஒரு கறுத்த, இனித்த சோஸ். எல்லாம் முடிய இருபது நிமிடம். ஒன்றின் விலை 1,000 யென் அளவில். இரண்டு பேர் ஒன்றைப் பங்கிட்டாலும் வயிறு நிறையும்.

அந்த சோஸும் கடைப் பெண்களால் வந்ததுதான். முதலில் தண்ணீர் போன்ற சோஸ்தான் இருந்தது. ஊற்றினால் வழிந்து தகட்டில் கருகும். வினாகிரி செய்துகொண்டிருந்த ஒத்தாஃபுக்கு என்ற ஹிரோஷிமா நிறுவனம், கடைக்காரர்களின் குறைகளைக் கேட்டு, 1952 இல் தடிப்பான சோஸைச் செய்தது. இனிப்புக்கு அதில் பேரீச்சம்பழமும் சேர்க்கிறார்கள்.

கடையைத் தொடங்கியது தன் அம்மம்மா என்று அந்தப் பெண் சொன்னார். குண்டு விழுந்த அன்று காலையில் வேலைக்குப் போன கணவன் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. 1951 இல் தள்ளுவண்டியோடு தொடங்கினாராம். தங்கை ஒவ்வொன்றாக மொழிபெயர்த்துச் சொல்ல, அதுவரை பேசாமலிருந்த அம்மா ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப பிள்ளையை ஆர் பார்த்தது?"

அம்மா 1990களில் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் தோசை சுட்டு விற்று எங்கள் இருவரையும் வளர்த்தவர். தங்கை கேள்வியை மொழிபெயர்த்ததும் அந்தப் பெண் தட்டகப்பையைக் கீழே வைத்தார். ஒருவரும் பார்க்கவில்லை என்றார். பள்ளிக்கூடம் விட்டதும் அவருடைய தாய், அப்போது ஏழு வயதுப் பிள்ளை, வண்டிக்கு வந்து பெட்டியின்மேல் ஏறி நின்று கோவா கழுவுவாராம். நள்ளிரவு வரை வியாபாரம். தூக்கம் வந்தால் தகட்டுக்குக் கீழே, சூடு இருக்கும் இடத்தில், சாக்கு விரித்துப் படுத்துவிடுவாராம். "அம்மாவின் தலைமயிரில் எப்போதும் எண்ணெய் மணம். பள்ளியில் அதைச் சொல்லிச் சிரித்தார்களாம்," என்றார்.

அம்மா தலையை ஆட்டினார். தன் பங்கில் ஒரு துண்டை வெட்டிச் சின்னவளின் தட்டில் வைத்தார்.

பிந்தி வந்த உதவி

ஹிரோஷிமாப் பெண்களின் கதையைத் துணிவின் கதையாக மட்டும் சொல்லிவிடுவது சுலபம். ஆனால் ஆண்டுகளையும் பார்க்க வேண்டும். யுத்தத்தில் இறந்த படைவீரர்களின் குடும்பங்களுக்கும் ஊனமுற்ற வீரர்களுக்கும் உதவும் சட்டம் யப்பானில் 1952 இல்தான் வந்தது. அணுகுண்டால் பாதிக்கப்பட்டவர்களின் வைத்தியத்துக்கான சட்டம் 1957 இல் வந்தது. குண்டு விழுந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு. அதுவரை நோயும் செலவும் அவரவர் பாடு. பாதிக்கப்பட்ட பெண்ணைத் திருமணம் செய்யப் பலர் பயந்தார்கள். அதனால் தாம் அந்த ஊரில் இருந்ததையே மறைத்து வாழ்ந்தவர்களும் உண்டு. அந்தப் பெண்கள் தகட்டின் முன்னால் நின்றது விருப்பப்பட்டு மட்டுமல்ல. வேறு வழி இருக்கவில்லை. இப்போது அவர்கள் காலமும் முடிந்து வருகிறது. அரசு பதிவு செய்துள்ள பாதிக்கப்பட்டோர் தொகை 2025 மார்ச் முடிவில் முதல் தடவையாக ஒரு இலட்சத்துக்குக் கீழே இறங்கியது.

வீட்டில் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு: தோசைக்கல்லிலும் இது வரும். கோதுமை மாவைத் தண்ணீராகக் கரைத்து மெல்லிதாக வார்த்து, இரண்டு கைப்பிடி கோவாவை மெல்லிதாக அரிந்து குவித்து, உப்பும் மிளகும் தூவி, மேலே ஒரு கரண்டி மா ஊற்றிப் புரட்டுங்கள். அமத்த வேண்டாம், அமத்தினால் ஆவி போய்விடும். கோவா அவிந்ததும் ஒரு முட்டையை உடைத்துப் பரப்பி அதன்மேல் ஏற்றுங்கள். முட்டை சாப்பிடாதவர்கள் அதை விட்டுவிடலாம்.

எமது ஊர்களிலும் பெண்களுக்கு வாழ்வாதார உதவியாக அடுப்பும் மாவும் தையல் இயந்திரமும் கொடுக்கிறார்கள். அவை தேவையானவையே. ஆனால் அம்மா கேட்ட கேள்வியையும் அந்த உதவியோடு சேர்த்துக் கேட்க வேண்டும். அடுப்படியில் நிற்கும் தாயின் பிள்ளையை யார் பார்ப்பது, அவருக்கு நோய் வந்தால் யார் செலவழிப்பது, காணாமல் போனவரைப் பற்றி யார் பதில் சொல்வது என்பவற்றுக்கும் ஆள் இருந்தால்தான், தகட்டின் முன்னால் நிற்கிற பெண் கொஞ்சம் உட்காரவும் முடியும்.