மலையில் மூச்சு

சங்கரன்கோவிலில் ஓட விரும்புவோர் விடியலுக்கு முன்பே ஓடி முடித்துவிட வேண்டும். ஏழு மணிக்கெல்லாம் வெயில் முதுகில் ஏறிவிடும். நாங்கள் இருவரும் கல்லூரி ஆசிரியர்கள். ஒருவர் தமிழ், மற்றவர் விலங்கியல். எங்கள் இரு குடும்பங்களிலுமே ஐம்பதைக் காணாமல் நெஞ்சுவலியில் போனவர்கள் உண்டு. நாற்பதைக் கடந்தபோது அந்தக் கணக்கு மனத்தில் உறைத்தது, ஓடத் தொடங்கினோம். ஐந்து கிலோமீட்டரை 35 நிமிடத்தில் முடிப்பது எங்களுக்கு வெறும் உடற்பயிற்சி அன்று. இன்னும் நாள் இருக்கிறது என்று எங்களுக்கு நாங்களே எழுதிக்கொண்ட சான்றிதழ் அது.

சென்ற கோடை விடுமுறையில் இ-பாஸ் பெற்றுக்கொண்டு கொடைக்கானல் சென்றோம். மதுரை ஆட்சியராக இருந்த லெவிஞ்சின் முயற்சியால் 1863இல் உருவான ஏரி அது. சுற்றிலும் உள்ள சாலை ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர். எங்கள் அன்றாட அளவு. குளிரும் நிழலும் இருக்க, ஊரைவிட விரைவாகவே ஓடலாம் என்று நம்பினோம்.

ஒரு கிலோமீட்டர்கூடத் தாண்டவில்லை. கால்கள் ஆயத்தமாக இருந்தன, மூச்சு இல்லை. வலியோ தலைச்சுற்றலோ கிடையாது. ஆனால் இதயம் காதுக்குள் அடித்தது. ஏரிக்கரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தோம். இருவர் நினைவிலும் அதே குடும்பக் கணக்குதான் ஓடியது; வாய்விட்டுச் சொல்லவில்லை.

தேநீர் விற்ற அம்மாள்தான் முதலில் பேசினார். "கீழேருந்து வந்தீகளா? மொத நாளே ஓடுனா இப்படித்தான் வாங்கும். நாளைக்கு மெதுவாப் போங்க."

அவர் அனுபவத்தில் சொன்னதற்கு விலங்கியலில் விளக்கம் உண்டு. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றில் ஆக்சிஜனின் பங்கு அங்கும் 21 விழுக்காடுதான். ஆனால் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைப்பது அந்த அளவுக்குக் குறைகிறது. இதயம் விரைந்து துடித்து ஈடுகட்டப் பார்க்கிறது. சிறுநீரகம் ஓரிரு நாளில் எரித்ரோபொயட்டினைக் கூட்டிச் சுரந்தாலும், சிவப்பணுக்கள் போதிய அளவு பெருக வாரங்கள் ஆகும். எங்களுக்கு இருந்ததோ ஐந்து நாள் விடுப்பு.

1968இல் மெக்சிகோ நகரில் ஒலிம்பிக் நடந்தது. உயரம் 2,240 மீட்டர், ஏறக்குறைய நம் உதகை. பத்தாயிரம் மீட்டரில் உலகச் சாதனை வைத்திருந்த ஆஸ்திரேலியர் ரான் கிளார்க் அங்கே ஆறாவதாக வந்து, எல்லைக்கோட்டைக் கடந்ததும் மயங்கி விழுந்தார். வென்றவர் கென்யாவின் மேட்டுநிலத்தில் வளர்ந்த நஃப்தாலி தெமு. அவரும் எடுத்துக்கொண்டது 29 நிமிடத்துக்கு மேல். கிளார்க்கின் சாதனையோ 28 நிமிடத்துக்குள். கிளார்க்குக்கே அந்தக் கதி என்றால் நாங்கள் எம்மாத்திரம்!

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறோம். மற்றவை அதன்மேல் நிற்பவை என்று கரும்பலகையில் எழுதிக் காட்டுவதும் உண்டு. நிலம் மாறினால் பூவும் பறவையும் பறையும் மாறும் என்று சொன்ன எங்களுக்கு, நம் மூச்சும் மாறும் என்பது தோன்றாமல் போயிற்று. குறிஞ்சியைப் பல்லாண்டு பாடமாக நடத்தியிருந்தோம். நுரையீரலால் படித்தது அன்றுதான்.

மறுநாள் கைக்கடிகாரத்தை அறையிலேயே வைத்துவிட்டோம். பேசிக்கொண்டே ஓட முடிகிற அளவுதான் வேகம். பேச்சு அறுந்தால் நடை. ஊரில் எங்களில் ஒருவர் எப்போதும் ஐம்பது அடி முன்னால் போய்விடுவார். மலையில் அது நடக்கவில்லை. ஐந்தாம் நாள் ஏரியை முழுதாகச் சுற்றி வந்தோம், இடையிடையே நடந்து, அருகருகே. தேநீர் அம்மாள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

ஊர் திரும்பிய மறுநாள் ஓடினோம். அதே ஐந்து கிலோமீட்டர், அதே 35 நிமிடம். மகிழ்ச்சிதான். ஆனால் அதைச் சான்றிதழாக எடுத்துக்கொள்ள இப்போது மனம் வரவில்லை. அதில் பாதி, நம் ஊர்க் காற்று போட்ட கையெழுத்து.