கேஸ்கட் போயிடுச்சு என்று சொன்னால் ஆதாரம் கேளுங்கள்

"வண்டி ஹீட் ஆகுதுண்ணே" என்று சொல்லி முடிப்பதற்குள் நம் ஊர்ப் பட்டறைகளில் வருகிற பதில், "ஹெட் கேஸ்கட் போயிருக்கும். என்ஜினை இறக்கணும்." பழைய வண்டி வைத்திருக்கிற எல்லோரும் இதை ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் கேட்டவுடனே நம்பிப் பணத்தை எண்ணி வைக்கிற அளவுக்கு அது சின்ன விஷயம் கிடையாது. ஏழு பேர் பங்கு போட்டு வாங்கிய ஒரு பழைய பெட்ரோல் காரை வைத்து நாங்கள் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம். களப்பணிக்கு வண்டி எடுக்கிற இளைய தோழர்கள் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

முதலில், ஹெட் கேஸ்கட் என்றால் என்ன? என்ஜினின் கீழ்ப்பகுதி பிளாக், மேல்மூடி ஹெட். இரண்டுக்கும் நடுவே வைத்து இறுக்கப்பட்ட மெல்லிய தகடுதான் கேஸ்கட். சிலிண்டருக்குள் பெட்ரோல் வெடிக்கிற அழுத்தம், என்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீர், உராய்வைக் குறைக்கும் ஆயில் ஆகிய மூன்றையும் ஒன்றோடு ஒன்று கலக்காமல் அது பிரித்து வைக்கிறது. பெட்ரோல் எரிந்து வருகிற சக்தியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு வெறும் சூடாக அந்தத் தண்ணீருக்குப் போகிறது. தண்ணீர் அதை ரேடியேட்டருக்குக் கொண்டுபோய்க் காற்றில் விடுகிறது. இந்தச் சுற்றோட்டம் எங்கே தடைபட்டாலும் சூடு ஏறும். அளவுக்கு மீறி ஏறினால் அலுமினிய ஹெட் வளையும், கேஸ்கட் பிய்யும். ஆகவே ஹெட் கேஸ்கட் பல நேரங்களில் சூட்டின் விளைவு. காரணத்தைத் தேடாமல் கேஸ்கட்டை மட்டும் மாற்றினால், புது கேஸ்கட்டும் அதே காரணத்தால் போகும்.

எங்கள் வண்டி போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறுகிற மலைப்பாதையில் நின்றது. சாதிச் சான்றிதழ் கிடைக்காத மாணவர்களின் விண்ணப்பங்களோடு போய்க்கொண்டிருந்தோம். ஓட்டியது எங்களில் வயதில் சின்னவரான ஒரு தம்பி. முள் சிவப்புக் கோட்டைத் தொடும் முன்பே ஓரம் கட்டி என்ஜினை நிறுத்திவிட்டார். வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு கீழே வந்து சேர்ந்தபோது, பட்டறையில் நின்றவர்கள் முதலில் பார்த்தது என்ஜினை அல்ல, அந்தத் தம்பியை. "ஓட்டத் தெரியாம ஓட்டி என்ஜினைக் காலி பண்ணிட்டான்" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலையாட்டினார்கள். மெக்கானிக் அண்ணன் மதிப்பீடு சொன்னார்: 28,000 ரூபாய். அப்போது ஜூன் மாதம். எங்கள் கையில் அந்த அளவுக்கு இருந்த ஒரே பணம், நான்கு பிள்ளைகளின் கல்லூரிச் சேர்க்கைக்காகச் சேர்த்து வைத்தது.

உண்மை கண்டறியும் குழுக்களில் போய்ப் பழகியவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. சம்பவம் நடந்த ஒரு மணி நேரத்தில் குற்றவாளி யார் என்று ஊர் முடிவு செய்துவிடும். எளியவர் பெயர்தான் முதலில் வரும். அங்கே நாம் என்ன செய்வோம்? யார் சொன்னார்கள், எதைப் பார்த்துச் சொன்னார்கள், வேறு எப்படி நடந்திருக்கலாம் என்று வரிசையாகக் கேட்போம். வண்டியிடமும் அதையே கேட்டோம்.

மெக்கானிக் அண்ணன் காரணமில்லாமல் சொல்லவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். அந்த வண்டியில் சில வாரங்களாகவே தண்ணீர் குறைந்து வந்தது. நிறுத்துகிற இடத்தில் தரையில் ஒரு சொட்டுகூட இல்லை. வெளியே ஒழுகாமல் தண்ணீர் குறைந்தால் அது உள்ளே எரிகிறது என்று சந்தேகப்படுவது நியாயமே. ஆனால் சந்தேகம் வேறு, நிரூபணம் வேறு. காசு செலவில்லாத சோதனைகளை முதலில் செய்துவிட்டு, செலவு வைக்கிறவற்றுக்குப் பிறகு போகலாம் என்று அவரிடமே கேட்டோம். அவரும் ஒத்துக்கொண்டார்.

எப்போது சூடாகிறது என்பதுதான் முதல் கேள்வி. சிக்னலிலும் கடைத்தெரு நெரிசலிலும் சூடாகி, நெடுஞ்சாலையில் ஓடும்போது இறங்கினால் சந்தேகம் ஃபேன் பக்கம் போக வேண்டும். ஓடும்போது காற்று தானாக வரும், நிற்கும்போது ஃபேன்தான் இழுக்க வேண்டும். ஃபியூஸ், ரிலே, சுவிட்ச் என்று சில நூறு ரூபாயில் முடிகிற வேலையாகவும் அது இருக்கலாம். ஊருக்குள் ஒழுங்காக ஓடி, மேட்டிலும் வேகத்திலும் மட்டும் சூடானால் ரேடியேட்டர் அடைப்பு அல்லது தண்ணீர் ஓட்டக் குறைவைப் பார்க்க வேண்டும். குளிர்ந்த என்ஜினைக் கிளப்பிய சில நிமிடங்களிலேயே சூடானால் தெர்மோஸ்டாட் வால்வு திறக்காமல் சிக்கியிருக்கலாம். சாதாரணமாக அது 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கும். கழற்றி ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் போட்டு அடுப்பில் வைத்தால் திறக்கிறதா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். எங்கள் வண்டி மேட்டில் மட்டும்தான் சூடானது.

அடுத்து ஆயில். டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் ஆயில் பால் கலந்த காப்பி மாதிரி இருக்கிறதா? இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஆயில் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெள்ளை படிந்திருந்தால் பயப்பட வேண்டாம். பக்கத்துத் தெருவுக்கு மட்டும் ஓட்டுகிற வண்டிகளில் ஈரம் படிந்தும் அப்படி வரும். எங்கள் ஆயில் சுத்தமாக இருந்தது. புகைக்குழாயில் வெள்ளைப் புகை? ஊட்டியில் காலை நேரத்தில் எல்லா வண்டியும் வெள்ளைப் புகை விடும். நம் சமவெளி வெயிலில், என்ஜின் நன்றாகச் சூடான பிறகும் இனிப்பு வாடையோடு விட்டுக்கொண்டே இருந்தால் கூலண்ட் எரிகிறது என்று பொருள். எங்களுக்கு அதுவும் இல்லை.

மூன்றாவது, குளிர்ந்த என்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்துக் கிளப்பிப் பார்ப்பது. காற்று சிக்கியிருந்தால் கொஞ்ச நேரம் குமிழி வந்து நின்றுவிடும். நிற்காமல் வந்துகொண்டே இருந்தால், மூடியைப் போட்டுக் கிளப்பிய ஓரிரு நிமிடத்தில் மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகினால், சிலிண்டர் வாயு தண்ணீருக்குள் தள்ளுகிறது. இது கேஸ்கட்டுக்கு எதிரான வலுவான சாட்சி. இதையே உறுதி செய்ய ஒரு நீல நிறத் திரவம் இருக்கிறது. ரேடியேட்டர் வாயிலிருந்து வரும் காற்றை அதன் வழியாக இழுப்பார்கள். எரிந்த வாயுவில் உள்ள கரியமில வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். எங்கள் வண்டியில் அது நீலமாகவே இருந்தது.

நான்காவது கம்ப்ரஷன் சோதனை. எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் மீட்டர் பொருத்தி செல்ஃப் அடிப்பது. நான்கு சிலிண்டரும் 160, 165 பி.எஸ்.ஐ. என்று ஒரே மாதிரி காட்டின. இந்த எண்களை மெக்கானிக் அண்ணன் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். அந்தத் தம்பியின் மேல் விழுந்த பழியைத் துடைத்ததும் அந்தக் காகிதம்தான். ஹெட் வளைந்து கேஸ்கட் பிய்யும் வரை ஓட்டியிருந்தால் நான்கும் இப்படிச் சமமாக நிற்பது கஷ்டம். சரியான நேரத்தில் நிறுத்தியிருக்கிறார்.

அப்படியானால் தண்ணீர் எங்கே போனது? ரேடியேட்டர் வாயில் கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் குறித்திருந்த 13 பி.எஸ்.ஐ. அளவுக்குக் காற்று ஏற்றினோம். பத்து நிமிடத்தில் அழுத்தம் இறங்கியது. டார்ச் அடித்துத் தேடியபோது, வாட்டர் பம்பின் அடியில் இருக்கும் சின்னத் துளையில் பச்சைக் கறை தெரிந்தது. உள்ளே சீல் தேய்ந்தால் வெளியே காட்டிக்கொடுப்பதற்காகவே வைத்த துளை அது. ஓடும்போது மட்டும் கசிந்து, சூட்டிலேயே காய்ந்துவிட்டதால் தரையில் சொட்டு விழவில்லை.

பம்ப் கசிவு ஒரு பாதி. மேட்டில் மட்டும் சூடானதற்கு மறு பாதியைக் கண்டுபிடித்தவர் ஒரு ரேடியேட்டர் பெரியவர். ஈயம் பற்றவைத்துப் பற்றவைத்துக் காய்த்துப்போன கைகள். கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அந்தக் கருவியின் தொழிற்சாலை வகை ஒன்றை மெக்கானிக் அண்ணன் ரேடியேட்டர் முழுக்கக் காட்டி அளந்துகொண்டிருந்தார். பெரியவரோ என்ஜினை அணைக்கச் சொல்லிவிட்டு, ரேடியேட்டருக்கு மிக அருகில் புறங்கையை நகர்த்திக்கொண்டே போய், "இந்த மூலையும் நடுவுல இந்தப் பட்டையும் செத்துக் கிடக்குப்பா" என்றார். கருவி காட்டிய குளிர்ந்த இடங்களும் அவையேதான். தொட்டியைக் கழற்றியபோது குழாய்களில் சுண்ணாம்பு மாதிரி உப்பு. முந்தைய உரிமையாளர் காலத்தில் ஆண்டுக்கணக்கில் போர் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டி. பாத்திரத்தின் அடியில் படிகிற அதே உப்பு ரேடியேட்டருக்குள்ளும் படிந்திருந்தது. ராடு போட்டுச் சுத்தம் செய்தது, புது வாட்டர் பம்ப், புது மூடி, கூலண்ட், சோதனைக் கூலி எல்லாம் சேர்த்து 6,400 ரூபாய். பிள்ளைகளின் பணத்தில் கை வைக்காமல் எங்களுக்குள்ளேயே பிரித்துக் கட்டினோம்.

மூடிக்கு ஏன் தனியாகக் காசு என்று கேட்கலாம். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். மூடி கொடுக்கிற அழுத்தத்தில் ஏறக்குறைய 120 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். கூலண்ட் கலந்தால் இன்னும் கூடும். மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தால் இந்தப் பாதுகாப்பு முழுவதும் போய்விடும்.

எல்லாச் சோதனையும் கேஸ்கட்டை விடுதலை செய்யும் என்று இதிலிருந்து முடிவு கட்டக்கூடாது. சில மாதம் கழித்து, காய்கறி ஏற்றுகிற ஒரு தோழரின் வண்டிக்கும் இதே சோதனைகளைச் செய்தோம். நீலம் மஞ்சளானது. கம்ப்ரஷன் 160, 90, 85, 155. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து விழுந்தால், அவற்றுக்கு நடுவே கேஸ்கட் பிய்ந்திருப்பதற்கு வாய்ப்பு அதிகம். இரண்டிலும் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி அளந்தும் எண் ஏறவில்லை. ஏறியிருந்தால் ரிங் தேய்மானத்தைச் சந்தேகித்திருப்போம். அந்த வண்டியில் ஹெட்டைக் கழற்றச் சொன்னதே நாங்கள்தான். அங்கேயும் மலிவான வழிகள் சொல்ல ஆள் இருந்தார்கள்: மஞ்சள் தூள் போடு, ஒழுகல் அடைக்கிற பொடி ஊற்று, தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறி. பொடிகள் ஓட்டையை அடைப்பதோடு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். தெர்மோஸ்டாட் இல்லாத என்ஜின் சரியான சூட்டுக்கு வராமல் பெட்ரோலைக் குடிக்கும்.

ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும் என்றால் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. ஹெட்டை லேத்துக்கு அனுப்பி வளைவு பார்ப்பீர்களா? பல என்ஜின்களில் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 0.05 மி.மீ. வளைவே எல்லை. விரிசல் இருக்கிறதா என்று அழுத்தச் சோதனை செய்வீர்களா? இந்த என்ஜினுக்குப் புது ஹெட் போல்ட் போட வேண்டுமா? டார்க் ரெஞ்ச் வைத்து, கம்பெனி சொன்ன வரிசையில் இறுக்குவீர்களா? நல்ல மெக்கானிக்கிற்கு இந்தக் கேள்விகள் கோபம் தராது. தன் வேலையை மதித்துக் கேட்கிறார்கள் என்று சந்தோஷப்படுவார். மரியாதையாகக் கேளுங்கள், சோதனைக்கு உரிய கூலியைக் குறைக்காமல் கொடுங்கள். "சும்மா பார்த்துச் சொல்லுங்க" என்று உழைப்பை இலவசமாகக் கேட்டுவிட்டு, ஊகத்தில் பதில் சொல்கிறார் என்று குறை சொல்வது நியாயமில்லை.

வண்டி ஓட்டுகிற தோழர்களுக்கு: முள் ஏறினால் ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடுங்கள். வெக்கையாகத்தான் இருக்கும், ஆனால் அதுவும் ஒரு சின்ன ரேடியேட்டர். பாதுகாப்பான இடத்தில் ஓரம் கட்டி என்ஜினை நிறுத்துங்கள். "இன்னும் அஞ்சு கிலோமீட்டர்தானே" என்று பின்னால் இருந்து யார் சொன்னாலும், அவர் எவ்வளவு மூத்தவராக இருந்தாலும், ஓட்டாதீர்கள். உச்சியில் இருந்த முள் திடீரென்று கீழே விழுந்தால் சரியாகிவிட்டது என்று நம்பாதீர்கள். தண்ணீர் வற்றி, சென்சார் வெறும் காற்றில் இருக்கலாம். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. முகமும் கையும் வெந்துபோகும். முக்கால் மணி நேரமாவது ஆறவிட்டு, துணி வைத்து மெதுவாகத் திறங்கள். கொதிக்கிற என்ஜினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் ஹெட் விரிசல் விடலாம். பெட்ரோல் பங்கில் விற்கிற பேட்டரி தண்ணீர் இரண்டு கேன், கொஞ்சம் கூலண்ட், ஒரு டார்ச், ஒரு பழைய துணி வண்டியிலேயே இருக்கட்டும்.

கூடவே ஒரு நோட்டும் வையுங்கள். தேதி, ஓடிய கிலோமீட்டர், எவ்வளவு தண்ணீர் ஊற்றினோம், எங்கே சூடானது என்று ஓட்டுகிறவர் அன்றன்றே எழுதி வைக்க வேண்டும். பொது வண்டியில் அடுத்த முறை ஏதாவது நடக்கும்போது, ஓட்டியவர் சார்பில் பேச அந்த நோட்டு இருக்கும்.