கோட்டை இல்லாத கோட்டை நகரம்

அண்மைய பள்ளி விடுமுறையில் ஜப்பானின் யமகுச்சி மாநிலத்திலுள்ள ஹாகி நகரைக் காணும் வாய்ப்புக் கிட்டியது. ஆறுகளுக்கும் கடலுக்கும் இடையே அமைந்த பழைய கோட்டை நகரம் அது. ஆனால், அங்கே கோட்டை இல்லை!

மோரி தெருமோட்டோ என்னும் சிற்றரசர் 1604-இல் கட்டத் தொடங்கிய கோட்டையை 1874-இல் இடித்துவிட்டனர். அகழியும் கல் அடித்தளமுமே எஞ்சியுள்ளன. எனினும், சாமுராய்கள் வாழ்ந்த தெருக்கள் பழமை மாறாமல் காக்கப்படுகின்றன. மதில்களுக்கு மேல் மஞ்சள் நிறக் கனிகள் எட்டிப் பார்க்கின்றன. நட்சுமிக்கான் என்னும் புளிப்புக் கிச்சிலி வகை அது. ஆட்சி மாறி வருவாய் இழந்த சாமுராய்கள் பிழைப்புக்காகப் பயிரிட்டதாம். வாள் ஏந்திய கைகள் மண்வெட்டி ஏந்தின.

என்னை நிற்க வைத்தது வேறோர் இடம். ஆற்றுக்கு அப்பால், ஓடு வேய்ந்த சிறு மரவீடு. ஷோகா சொன்ஜுகு என்னும் அத்திண்ணைப் பள்ளியில் யோஷிதா ஷோயின் என்ற இளைஞர் 1857, 1858-ஆம் ஆண்டுகளில் பாடம் சொன்னார். எட்டுப் பாய் விரிக்கும் அளவே கொண்ட ஓர் அறை. இடம் போதாதபோது மாணவர்களே இன்னோர் அறையைச் சேர்த்துக் கட்டினர். குலமும் தகுதியும் பாராமல் அவர் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டார். 1859-இல் அரசு அவருக்கு மரண தண்டனை விதித்தது. அப்போது அவருக்கு வயது 29. அவர்தம் மாணவருள் ஒருவரான இட்டோ ஹிரோபுமி 1885-இல் நாட்டின் முதல் பிரதமரானார்.

அதே இட்டோ பின்னாளில் கொரியாவை ஜப்பானின் ஆதிக்கத்தின்கீழ்க் கொண்டுவந்தவர்களில் ஒருவர் என்பதையும் நான் மறக்கவில்லை. சிற்றறையில் விதைப்பது நன்மையாகவும் முளைக்கும்; பிறருக்குத் துன்பமாகவும் முளைக்கும். ஆசிரியர்க்கு இதைவிட அச்சந்தரும் உண்மை வேறென்ன?

நண்பர்களே, ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் வகுப்பில் ஒன்பது மாணவர்களே உள்ளனர். இத்தனை பேருக்காகவா இவ்வளவு உழைப்பு என்ற சலிப்பில், பெரிய பள்ளிக்கு மாற்றல் கேட்டு விண்ணப்பம் எழுதி வைத்துவிட்டே பயணம் புறப்பட்டிருந்தேன். அந்த மரவீட்டின் வாசலில் நின்று பாய்களை எண்ணியபோது, என் வகுப்பறை அதைவிடப் பெரியது என்று தோன்றியது.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்துவிட்டது. விண்ணப்பம் இன்னும் மேசை இழுப்பறையில்தான் கிடக்கிறது. நாளைய பாடத்திற்கான ஆயத்தத்தை முடித்துவிட்டேன், ஒன்பது பேருக்கும்.