இளவயது நித்திரையும் வானத்து இரைச்சலும்

மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் புறத்தை எழுவான்கரை என்றும் மேற்குப் புறத்தைப் படுவான்கரை என்றும் அழைப்பது எங்கள் வழக்கம். ஒன்று பொழுது எழும் கரை. மற்றையது பொழுது படும் கரை. கொக்கட்டிச்சோலை படுவான்கரையில் இருக்கிறது. அதனாற்றானோ என்னவோ, விடுமுறை நாட்களில் எங்கள் வீட்டுப் பதினாறு வயது மைந்தன் காலை ஒன்பது மணிவரை எழுவதேயில்லை.

இரவில் அவன் கண்விழிப்பது படிப்பதற்கு மட்டுமல்ல, விமானம் பார்ப்பதற்கும்தான். கைத்தொலைபேசியில் பிளைட்ராடார்24 என்ற செயலியை வைத்திருக்கிறான். விமானங்கள் தாமே அனுப்பும் இருப்பிடச் சமிக்ஞைகளைத் தரையிலுள்ள வாங்கிகள் பெற்று, எந்த விமானம் எங்கிருந்து எங்கே போகிறது என்று காட்டிவிடுகின்றன. இராணுவ விமானங்கள் பலவும் அதில் தென்படுவதில்லை. திரையில் இல்லாத இரைச்சல் ஒன்று வானத்தில் கேட்டால் போதும். அரிதான ஒன்று அகப்பட்டது என்று முற்றத்துக்கு ஓடுவான். ஆறு இயந்திரங்கள் கொண்ட அந்தனோவ் 225, 2018 ஏப்ரலில் மத்தளையில் இறங்கியபோது தான் சிறுவனாக இருந்துவிட்டேனே என்பது அவனது நீங்காக் கவலை. உலகில் ஒன்றேயொன்றாகப் பறந்த அந்த விமானம் 2022 இல் உக்ரேன் போரில் அழிந்துபோயிற்று.

அவனது வயதில் நாங்களும் விமானங்களை இனங்காணத் தெரிந்தவர்களே. ஆனால் கண்ணால் அல்ல, காதால். கெலியின் சத்தம் வேறு, பொம்பரின் சத்தம் வேறு. பின்னாளில் கிபிர் வந்தது. ஆளில்லா வேவு விமானத்துக்கு மக்கள் 'வண்டு' என்று பெயர் வைத்தார்கள். எந்த நூலிலும் படிக்காத அந்தப் பாடத்தில் தவறியவர்களுக்கு மறுதேர்வு இருக்கவில்லை. 1987 இலும் 1991 இலும் படுகொலைகளைக் கண்ட ஊர் இது. ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டே நித்திரை கொள்ளப் பழகிய தலைமுறை எங்களுடையது. சத்தம் கேட்டால் நாங்கள் பங்கருக்குள் ஓடினோம். இவன் வெளியே ஓடுகிறான்.

பொழுது ஏறியும் படுத்துக் கிடப்பவனை மூதேவி பிடித்தவன் என்பார்கள் எங்கள் பெரியவர்கள். விஞ்ஞானம் அவ்வாறு சொல்லவில்லை. பருவமடையும் வயதில் உடலின் கடிகாரமே பிந்திவிடுகிறது. நித்திரைக்கு ஆயத்தப்படுத்தும் மெலட்டோனின் என்ற ஓமோன், முன்னரைவிட ஒன்றிரண்டு மணித்தியாலம் தாமதித்தே சுரக்கிறது. திரையின் வெளிச்சம் அதை மேலும் பின்தள்ளும் என்பதும் உண்மைதான். ஆயினும் கைத்தொலைபேசியைப் பறித்துவிட்டால் பிள்ளை எட்டு மணிக்கே உறங்கிவிடும் என்று எண்ணுவது பேதைமை. இந்த வயதினருக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணித்தியால நித்திரை வேண்டும்.

எங்கள் நாட்டுப் பாடசாலைகள் காலை 7.30 இற்கே தொடங்குகின்றன. சாதாரண தரப் பரீட்சை நெருங்கினால் அதற்கு முன்னரே ரியூசன் வகுப்பு வேறு. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை 'பாதை' எனப்படும் மிதவையில்தான் அவ்விடத்தில் வாவியைக் கடந்தோம். இப்போது பாலம் வந்துவிட்டதால் விடியுமுன்னரே பிள்ளைகளை நகரத்து வகுப்புகளுக்கு அனுப்புவதும் எளிதாகிவிட்டது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலமோ, உயர்நிலைப் பாடசாலைகள் காலை 8.30 இற்கு முன்னர் தொடங்கலாகாது என்று சட்டமே இயற்றி, 2022 முதல் நடைமுறைப்படுத்தியிருக்கிறது. நாங்கள் சட்டம் வரை போகவேண்டியதில்லை. விடிகாலை வகுப்புகளை மாலைக்கு மாற்றினாலே பெரும் உதவி.

போர்க்காலத்தில் விமானப்படையின் கையிலிருந்த மட்டக்களப்பு விமான நிலையம் இன்று உள்நாட்டுப் பயணிகளுக்கும் உரியது. வாவிக்கு மேலாகச் சிறு விமானமொன்று தாழ்ந்து வந்தால் இன்றும் என் நித்திரை கலைந்துவிடும். பக்கத்து அறையில் மகன் புரண்டுகூடப் படுப்பதில்லை. அச்சமறியாத அந்த நித்திரை, இந்தக் கரையில் ஒரு தலைமுறைக்கே கிட்டாத செல்வம். அதைச் சோம்பல் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

விடுமுறை நாளில் அவனை எழுப்ப வேண்டாமென்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். அம்மம்மா மட்டும் இன்னும் உடன்படவில்லை.