மழைநாட் சாறு

பனி உறையும் நாடுகளில் குளிர்காலம் பிறந்ததும் வீடுதோறும் காய்கறிச் சாறு கொதிக்கும் என்பர். நம் மலாக்காவில் பனியும் இல்லை. குளிர்காலம் எனத் தனித்தொரு பருவமும் இல்லை. எனினும் ஆண்டின் இறுதியில் விடிய விடிய மழை பெய்து, வெப்பம் 23 செல்சியஸ் பாகை அளவுக்கு இறங்கிவிடும் காலைப் பொழுதுகள் உண்டு. வெயிலிலேயே வளர்ந்த உடலுக்கு அதுவே குளிர்காலம். அக்குளிருக்குத் தோட்டத்துத் தாய்மார் வைத்த சாற்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. அது கூலியில்லாத நாளின் வரலாறு.

மலாயாவில் வணிக முறையில் இரப்பர் முதன்முதலாகப் பயிரானது மலாக்காவில்தான். 1896ஆம் ஆண்டு டான் சாய் யான் என்பார் புக்கிட் லிந்தாங்கில் அதனை நட்டார். பின்னர்ப் புக்கிட் ஆசாஹானிலும் தோட்டம் விரிந்தது. அவ்வாறு பெருகிய தோட்டங்களில் குடியேறிய நம்மவர் வானத்தைப் பார்த்தே வாழ்ந்தனர். மரப்பட்டை நனைந்துவிட்டால் பால் வெட்டுக்கோட்டின் வழியே ஓடி மங்கில் இறங்காது. பட்டையெங்கும் பரவி வழிந்து வீணாகும். மங்கில் விழுந்த பாலையும் மழைநீர் கெடுத்துவிடும். ஆகவே, மழை பெய்தால் மரம் வெட்டு இல்லை. வெட்டில்லாத நாளில் பெயர் விழாது. பெயர் விழாவிடில் சம்பளம் இல்லை.

1960களில் ஜாசின் வட்டாரத் தோட்டம் ஒன்றில் சிறுவனாக இருந்த எனக்கு, மழை என்றால் மகிழ்ச்சி. அப்பாவுக்கு அது கணக்கு. பெரட்டுக் களத்திலிருந்து நனைந்து திரும்பும் அவர், மாதத்தில் எத்தனை நாள் போயிற்று என்று விரல்விட்டு எண்ணுவார். அம்மா ஒன்றும் பேசாமல் கொல்லைப்புறம் செல்வார். லயத்து வீட்டின் பின்னால் எங்களுக்கென ஒரு துண்டு நிலம் இருந்தது. முருங்கை, பப்பாளி, பசலை, பூசணி, மரவள்ளி ஆகியவை அங்கே வளர்ந்தன. மளிகைக் கடைப் பற்றுப் புத்தகத்தில் ஏறாத பொருள்கள் அவை மட்டுமே.

சாறு வைப்பதில் அம்மாவுக்குச் சில உறுதியான முறைகள் இருந்தன. ஒரு பிடி மைசூர்ப் பருப்பு முதலில் குழைய வேகவேண்டும். பின்னர்ப் பப்பாளிக்காயும் பூசணியும் சேரும். மிளகு, சீரகம், பூண்டு மூன்றையும் அம்மியில் ஒன்றிரண்டாகத் தட்டிப் போடுவார். முருங்கைக்கீரை கடைசியில்தான் விழும். அதன்பின் பானையை மூடமாட்டார். மூடினால் கீரை பசுமை இழந்து கறுக்கும். நான்கு பேருக்குப் போதுமான காயில் எட்டுப் பேர் குடிக்க வேண்டுமாயின் நீர் கூடத்தான் செய்யும். ஆனால், நீர் கூடுமளவுக்கு மிளகும் கூடும். சாறு நீர்த்துவிட்டது என்று எவரும் சொல்ல அவர் இடம் கொடுத்ததில்லை. வறுமையை ஒப்புக்கொள்ள மறுத்த ஒரு பெண்ணின் தன்மானம் அந்தக் காரத்தில் இருந்தது.

பானை இறங்கியதும் முதற் குவளை எங்களுக்கு வாராது. “தம்பி, கடைசி வீட்டு ஆயாவுக்குக் கொடுத்துவிட்டு வா. ஆறிவிடப் போகிறது” என்று அம்மா என்னை அனுப்புவார். ஆயா தனியே வாழ்ந்தவர். வேலையை விட்டு ஓய்ந்தவர். கூலியில்லாத நாளிலும் பிறருக்குக் கொடுப்பதற்கு ஒன்று இருந்தது என்பதை நினைக்கும்போது இன்றும் வியப்பே மேலிடுகிறது.

துரைமார் மேசைக்கும் இதே மரபின் உறவு ஒன்று சென்றிருந்தது. ஆங்கிலேயர் விரும்பி அருந்திய ‘மல்லிகட்டானி’ என்னும் சாற்றின் பெயர், நம் ‘மிளகுத் தண்ணீர்’ என்பதன் திரிபேயாகும். 1511இல் போர்த்துகீசியர் மலாக்காவைக் கைப்பற்றியதும் மிளகு போன்ற நறுமணப் பொருள்களின் வாணிகத்துக்காகவே. பேரரசுகள் தேடிவந்த அம்மிளகு, லயத்து அடுப்பில் ஏழையின் குளிரைப் போக்கியது.

1980களின் இறுதியில் எங்கள் தோட்டத்தில் இரப்பர் மரங்கள் சாய்ந்தன, செம்பனை வந்தது. லயங்களைக் காலி செய்யச் சொன்னார்கள். வீடும் தோட்டத்துக்குச் சொந்தம்; வீட்டடி மண்ணும் தோட்டத்துக்குச் சொந்தம். முப்பது ஆண்டுகளாக எரு இட்டுப் பதப்படுத்திய கொல்லைக்கு விலை சொல்வாரில்லை. லோரியில் சாமான்கள் ஏறிய பிறகு, அம்மா முருங்கையில் ஒரு கிளையை வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். மலிவு விலை வீட்டின் சுவருக்கும் சாக்கடைக்கும் இடையில் கிடந்த ஒரு முழ மண்ணில் அது வேர் பிடித்தது. அம்மா மறைந்து பல்லாண்டுகள் ஆகியும், அம்மரம் இன்னும் தழைக்கிறது.

எங்களோடு பிரிந்து சென்ற குடும்பங்கள் பலவற்றுக்கு அந்த ஒரு முழ மண்ணும் வாய்க்கவில்லை. அடுக்குமாடியின் நான்காம் மாடியில் முருங்கை வேரூன்றாது. அங்கும் இன்று சாறு கொதிக்கிறது. கேமரன் மலைக் கேரட்டும் முட்டைக்கோசும் அதில் மிதக்கின்றன. சுவையில் குறைவில்லை, விலை மட்டும் உண்டு. வேலையில்லாத நாளில் அந்த விலையை யார் கொடுப்பது? தோட்டத்தை விட்டு வந்தபோது நாம் இழந்தவற்றுள் வேலையையும் வீட்டையும் மட்டுமே கணக்கிட்டோம். கைப்பணமின்றியும் ஒரு வேளை உணவைத் தந்த கொல்லையை எவரும் கணக்கில் எழுதவில்லை.

ஆதலின், வீட்டருகே ஒரு முழ மண் உடையவர் ஒவ்வொருவரும் அங்கே ஒரு முருங்கைக் கிளையை நட்டு வைப்பாராக. மழை நாளில் அதன் கீரை நமக்கு உதவும். நான்காம் மாடியில் வாழ்பவர்க்கும் ஒரு பிடி எஞ்சும்.